முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்: தனிப்படைக் கொள்கையும் அதன் விதிவிலக்கும்

முன்னுரை

முதல் உலகப் போர் 1914 ஜூலை இறுதியில் தொடங்கி, மேற்கு ஐரோப்பாவில் 1918 நவம்பர் 11ஆம் நாள் போர்நிறுத்தத்துடன் ஓய்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1917 ஏப்ரல் 6 அன்றுதான் அப்போரில் இறங்கியது. ஐரோப்பியர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் போரிட்ட களத்தில், அமெரிக்கப் படைவீரர் பெருந்தொகையினராக நின்று போரிட்ட காலம் ஆறு திங்களைத் தாண்டாது. இக்குறுகிய காலப் பங்களிப்பை மதிப்பிடுவதில் இருவேறு போக்குகள் உள்ளன. அமெரிக்கர் வந்ததனாலேயே போர் வெல்லப்பட்டது என்பது ஒன்று. பிரான்சும் பிரிட்டனும் குருதி சிந்தித் தேய்த்துவிட்ட பகைவனைக் கடைசியில் வந்து வீழ்த்தியவர் அமெரிக்கர் என்பது மற்றொன்று.

இவ்விரு போக்குகளும் அமெரிக்கப் படையை ஒரே உருவாகக் கொண்டு பேசுகின்றன. அப்படைக்குள் யார் எந்தப் பணியில் அமர்த்தப்பட்டனர், யார் எவருடைய கொடியின் கீழ் போரிட அனுப்பப்பட்டனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. அமெரிக்கப் படை தனிப்படையாகவே போரிட வேண்டும் என்று அதன் தலைமைத் தளபதி பிடிவாதமாக நின்றார். அதே தளபதி நான்கு படையணிகளை மட்டும் பிரெஞ்சுப் படைக்கு விட்டுக் கொடுத்தார். அந்நான்கும் கறுப்பினப் படையணிகள். இந்த விதிவிலக்கை மையமாகக் கொண்டு அமெரிக்கப் படைவீரரின் பங்கினை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

போரில் நுழைவும் படை திரட்டலும்

போர் மூண்டபோது குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் நடுநிலைக் கொள்கையை அறிவித்தார். 1915 மே 7இல் லூசிட்டேனியா என்னும் பிரிட்டானியப் பயணிகள் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டபோது, மாண்டோருள் 128 பேர் அமெரிக்கர். எனினும் நடுநிலை தொடர்ந்தது. 1917 பிப்ரவரி முதல் நாள் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரை மீண்டும் தொடங்கியதும், மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்கும் நோக்குடன் ஜெர்மானிய வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் விடுத்த தந்தி 1917 மார்ச்சில் வெளியானதும் நிலைமையை மாற்றின. ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் உரையாற்றிய வில்சன், உலகை மக்களாட்சிக்குப் பாதுகாப்பான இடமாக்குவதே போரின் நோக்கம் என்று அறிவித்தார். இந்நோக்கமே பின்னர் அமெரிக்கப் படையின் அமைப்பை அளக்கும் அளவுகோலாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

போர் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்காவின் நிலையான தரைப்படை ஏறத்தாழ 1,27,000 பேரை மட்டுமே கொண்டிருந்தது. 1917 மே 18இல் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. முதலில் 21 முதல் 30 வயது வரையிலானோரும், 1918இல் 18 முதல் 45 வரையிலானோரும் பதிவு செய்துகொள்ளப் பணிக்கப்பட்டனர். மொத்தம் 2 கோடியே 40 இலட்சம் பேர் பதிவு செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டனர்.

ஆட்கள் கிடைத்தனரேயன்றிக் கருவிகள் கிடைக்கவில்லை. பீரங்கிகளிலும் வானூர்திகளிலும் பெரும்பாலானவற்றைப் பிரான்சே வழங்கிற்று. வீரர்களைக் கடல் கடத்திய கப்பல்களுள் ஏறத்தாழப் பாதி பிரிட்டனுடையவை. நியூயார்க் துறைமுகத்தில் கைப்பற்றப்பட்ட 'ஃபாட்டர்லாண்ட்' என்னும் ஜெர்மானியப் பெருங்கப்பல் 'லெவயதன்' எனப் பெயர் மாற்றப்பட்டு, ஜெர்மனியை எதிர்க்கச் சென்ற வீரர்களையே சுமந்து சென்றது.

மொழியும் படையும்

திரட்டப்பட்ட வீரர்கள் ஒரு மொழி பேசுவோர் அல்லர். வெளிநாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் படையில் இடம்பெற்றனர். ஆங்கிலக் கட்டளை புரியாத வீரர்கள் பயிற்சி முகாம்களில் தேங்கி, எடுபிடி வேலைகளுக்கு அனுப்பப்பட்டனர். இச்சிக்கலைத் தீர்க்க 1918இல் ஜார்ஜியா மாநிலத்தின் கார்டன் முகாமில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. இத்தாலியர், போலந்துக்காரர் முதலியோர் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டு, அவரவர் மொழி அறிந்த அதிகாரிகளின் கீழ் பயிற்சி பெற்றனர். உடன் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. தேங்கிக் கிடந்தோர் விரைவில் களத்திற்குத் தகுதியுடையோராயினர். ஆகவே இத்திட்டம் பிற முகாம்களிலும் பின்பற்றப்பட்டது.

அமெரிக்கத் தொல்குடியினர் ஏறத்தாழ 12,000 பேரும் இப்போரில் பணியாற்றினர். அவர்களுள் பலர் அப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அல்லர். தொல்குடியினர் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924இல்தான் வந்தது. 1918 அக்டோபரில் 36ஆம் பிரிவின் தொலைபேசிச் செய்திகளை ஜெர்மானியர் ஒட்டுக் கேட்பதாக ஐயம் எழுந்தபோது, சாக்டா மொழி பேசும் வீரர்கள் தொலைபேசிகளில் அமர்த்தப்பட்டனர். அம்மொழியில் இயந்திரத் துப்பாக்கிக்குச் சொல் இல்லை. 'விரைந்து சுடும் சிறு துப்பாக்கி' என்னும் பொருள்படும் தொடரை அவர்கள் ஆண்டனர். பீரங்கி 'பெருந்துப்பாக்கி' ஆயிற்று. அரசின் விடுதிப் பள்ளிகளில் தொல்குடிச் சிறுவர் தம் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலத்தில், அத்தகைய மொழி ஒன்றே போர்க்களத்தில் படைக்குக் காவலாய் நின்றது. நாடு யாரை ஒதுக்கியதோ அவரிடமே உதவி பெற்றது என்னும் இம்முரண், கறுப்பின வீரர் வரலாற்றில் இன்னும் விரிவாகப் புலப்படுகிறது.

பெர்ஷிங்கின் தனிப்படைக் கொள்கை

ஐரோப்பா சென்ற அமெரிக்கப் படைக்கு ஜான் பெர்ஷிங் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அவர் 1917 ஜூன் 13இல் பாரிசை அடைந்தார். அம்மாத இறுதியில் சான் நசேர் துறைமுகத்தில் முதல் வீரர்கள் இறங்கினர். பிரெஞ்சு, பிரிட்டானியத் தளபதிகளுக்கு அப்போது தேவைப்பட்டது தனியொரு படையன்று. தம் தேய்ந்த படைப்பிரிவுகளின் வெற்றிடங்களை நிரப்ப ஆட்களே தேவைப்பட்டனர். அமெரிக்க வீரர்களைச் சிறு அணிகளாகத் தம் படைகளுடன் கலந்துவிட வேண்டும் என அவர்கள் வற்புறுத்தினர்.

பெர்ஷிங் இதற்கு இணங்கவில்லை. அமெரிக்கப் படை அமெரிக்கத் தளபதிகளின் கீழ், தனக்கென ஒரு போர்முனையுடன், தன் கொடியின் கீழ் போரிட வேண்டும் என்பது அவர் நிலை. இதற்கு அரசியற் காரணமும் உண்டு. தனிப்படையாகப் போரிட்டு வென்றாலன்றி அமைதி மாநாட்டில் அமெரிக்காவின் குரல் எடுபடாது என்பதை வில்சனின் அரசு உணர்ந்திருந்தது. 1918 மார்ச் 3இல் இரஷ்யா ஜெர்மனியுடன் பிரெஸ்ட்–லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கை செய்துகொண்டது. கிழக்கு முனையிலிருந்து விடுபட்ட ஜெர்மானியப் படைகள் மார்ச் 21 அன்று மேற்கில் பெருந்தாக்குதல் தொடுத்தன. அந்நெருக்கடியில் பெர்ஷிங் தம் படைப்பிரிவுகளை நேச நாட்டுத் தளபதி ஃபோஷின் பயன்பாட்டிற்குத் தற்காலிகமாக வழங்கினார். எனினும் அவை பெரும்பாலும் முழுப் பிரிவுகளாகவே, அமெரிக்கப் பிரிவுத் தளபதிகளின் கீழ் சென்றன. கொள்கை தளர்ந்ததேயன்றிக் கைவிடப்படவில்லை.

1918இல் களம்

அமெரிக்கப் பிரிவு ஒன்றில் ஏறத்தாழ 28,000 பேர் இருந்தனர். இஃது ஐரோப்பியப் பிரிவைப் போல் இருமடங்கு. 1918 மே 28இல் முதலாம் பிரிவு கான்டினி என்னும் சிற்றூரைக் கைப்பற்றியது. ஜூனில் பெல்லோ காட்டில் கடற்படைவீரர் அணி பேரிழப்புடன் போரிட்டது. ஜூலை நடுவில் மார்ன் ஆற்றங்கரையில் மூன்றாம் பிரிவு ஜெர்மானியர் முன்னேற்றத்தைத் தடுத்து நின்றது. செப்டம்பர் 12இல் சான் மியெல் என்னுமிடத்தில் பெர்ஷிங்கின் தனிப்படை தன் முதற் பெருந்தாக்குதலை நடத்தி வென்றது. செப்டம்பர் 26இல் தொடங்கி 47 நாள்கள் நீடித்த மியூஸ்–ஆர்கோன் போரில் 12 இலட்சம் அமெரிக்கர் பங்கு கொண்டனர். 26,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுதியால் அமெரிக்க வரலாற்றில் மிகக் கொடிய போர்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

களத்தில் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் வருகையின் வேகமே ஜெர்மானியத் தலைமையை மிகுதியும் கலக்கியது எனலாம். 1918 மே திங்களில் ஏறத்தாழ 2,45,000 பேரும், ஜூனில் 2,78,000 பேரும், ஜூலையில் 3,06,000 பேரும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினர். ஜெர்மனி இழந்த வீரர்க்கு ஈடு செய்ய இயலாதிருந்த அதே கோடையில், நேச நாடுகளின் ஆள்வலிமை மாதந்தோறும் பெருகியது. போரைத் தனியே வென்றவர் அமெரிக்கர் என்பது மிகைக் கூற்று. அவர்கள் வருகையின்றி 1918லேயே போர் முடிந்திருக்கும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. மொத்தம் 20 இலட்சம் பேர் பிரான்சை அடைந்தனர். இறந்த அமெரிக்க வீரர் ஏறத்தாழ 1,16,500 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் களத்தில் மாளவில்லை. இன்ஃபுளுவென்சா முதலிய நோய்களாலும் பிற காரணங்களாலும் மாண்டனர்.

கறுப்பின வீரர்

இப்போரில் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 3,80,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 2,00,000 பேர் ஐரோப்பா சென்றனர். களத்தில் போரிட வாய்ப்புப் பெற்றோர் ஏறத்தாழ 42,000 பேர் மட்டுமே. எஞ்சியோர் பிரெஸ்ட், சான் நசேர், போர்தோ ஆகிய துறைமுகங்களில் சுமை இறக்கினர், சாலையும் இருப்புப்பாதையும் அமைத்தனர், இறந்தோரைப் புதைத்தனர். மாதந்தோறும் மூன்று இலட்சம் பேர் வந்திறங்கிய வேகத்திற்கு இவ்வுழைப்பே அடித்தளம் என்பதை முன்னர்க் கூறிய எண்ணிக்கைகளோடு சேர்த்து நோக்க வேண்டும்.

நிலையான படையில் நெடுங்காலம் பணியாற்றித் தேர்ந்த நான்கு கறுப்பினப் படையணிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றும் பிரான்சுக்கு அனுப்பப்படவில்லை. அவற்றுள் ஒன்றான 24ஆம் படையணியின் வீரர்க்கும், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரக் காவலர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே 1917 ஆகஸ்ட் 23 இரவு மூண்ட மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. இராணுவ நீதிமன்ற விசாரணைகளுக்குப் பின் 19 கறுப்பின வீரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்விசாரணைகள் முறையாக நடைபெறவில்லை என்று கண்டு, 110 வீரர்மீதான தண்டனைத் தீர்ப்புகளை அமெரிக்கத் தரைப்படை 2023 நவம்பரில் நீக்கியது. கறுப்பின அதிகாரிகளுள் மிக உயர்ந்த நிலையில் இருந்த சார்லஸ் யங், 1917இல் உடல்நலக் குறைவு காட்டி ஓய்வில் அனுப்பப்பட்டார். தம் உடல்வலிமையை மெய்ப்பிக்க அவர் 1918இல் ஒஹாயோவிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை ஏறத்தாழ 500 மைல் குதிரைமீது சென்றார். போர் முடியச் சில நாள்களே இருந்தபோதுதான் அவர் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார்.

விதிவிலக்கு: நான்கு படையணிகள்

கறுப்பின வீரரைக் கொண்டு 92, 93 என இரு போர்ப்பிரிவுகள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 93ஆம் பிரிவு முழுமை பெறவேயில்லை. 369, 370, 371, 372 என்னும் நான்கு காலாட்படையணிகள் மட்டுமே உருவாயின. பீரங்கிப்படை முதலிய துணையுறுப்புகள் அமைக்கப்படவில்லை. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியினர் மிகுந்திருந்த 369ஆம் படையணி 1917–18 ஆண்டு மாறும் வேளையில் பிரெஸ்டில் இறங்கியது. போர்வீரராகப் பயின்றவர்கள் சான் நசேரில் மண்வெட்டிகளுடன் நிறுத்தப்பட்டனர். 1918 மார்ச்சில் இப்படையணி பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்ற மூன்றும் அவ்வாறே பிரெஞ்சுப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டன.

தனிப்படைக் கொள்கையின் தன்மையை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. நெருக்கடிக் காலத்தில் பிற அமெரிக்கப் பிரிவுகள் நேச நாட்டுத் தளபதிகளுக்கு இரவலாக வழங்கப்பட்டன. இந்நான்கு படையணிகளோ தனித்தனியே பிரிக்கப்பட்டு, பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சு உணவு ஆகியன பெற்று, போர்நிறுத்தம் வரை பிரெஞ்சுத் தளபதிகளின் ஆணையில் இருந்தன. எந்தக் கலப்பைப் பெர்ஷிங் மறுத்தாரோ அக்கலப்பே இங்கு நடைபெற்றது. பின்னாளில் 93ஆம் பிரிவு பிரெஞ்சு நீலத் தலைக்கவசத்தையே தன் சின்னமாகக் கொண்டது.

பிரெஞ்சுப் படைக்கு வேற்றினத்தார் புதியவர் அல்லர். செனகல் முதலிய ஆப்பிரிக்க நாட்டு வீரர்கள் அதன் வரிசைகளில் இருந்தனர். பிரான்சு மண்ணில் 1914–15இல் இந்தியக் காலாட்படையும் பிரிட்டானியர் சார்பில் போரிட்டுப் பேரிழப்புற்றது. குடியேற்ற நாட்டு மக்களைப் போர்க்களத்தில் நிறுத்துவதில் பிரான்சுக்கும் தன்னலம் இருந்ததெனினும், களத்தில் வந்து சேர்ந்த வீரரை வீரராகவே அது நடத்தியது.

369ஆம் படையணி 191 நாள்கள் போர்முனையில் இருந்தது. வேறெந்த அமெரிக்கப் படையணியும் இத்துணை நாள் முனையில் நின்றதில்லை எனப் போற்றப்படுகிறது. 1918 மே திங்கள் நடுவில் ஓரிரவு, காவல்நிலை ஒன்றில் இருந்த ஹென்றி ஜான்சன், நீடம் ராபர்ட்ஸ் என்னும் இருவரை ஜெர்மானியக் குழு ஒன்று தாக்கியது. குண்டுகள் தீர்ந்தபின் ஜான்சன் துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் போரிட்டு, காயமுற்ற ராபர்ட்சைப் பகைவர் கொண்டு செல்லாதவாறு மீட்டார். இருவர்க்கும் பிரான்சு தன் போர்ச்சிலுவை விருதினை வழங்கியது. செப்டம்பர் இறுதியில் இப்படையணி பேரிழப்புடன் சேஷோ என்னும் ஊரைக் கைப்பற்றியது. செப்டம்பர் 28 அன்று 371ஆம் படையணியைச் சேர்ந்த ஃபிரெடி ஸ்டோவர்ஸ், சாம்பேன் பகுதியின் 188ஆம் குன்றைத் தாக்குகையில் இருமுறை குண்டடிபட்டும் தம் குழுவினரை முன்செலுத்தி உயிர் துறந்தார். நான்கு படையணிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் அல்லது காயமுற்றனர்.

பிரெஞ்சு மக்கள் இவ்வீரரோடு இயல்பாகப் பழகியது அமெரிக்கத் தலைமைக்கு உவப்பாக இல்லை. 1918 ஆகஸ்டில், அமெரிக்கத் தலைமையகத்துடன் தொடர்பு கொண்டிருந்த லினார் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் பெயரில் கமுக்கச் சுற்றறிக்கை ஒன்று பிரெஞ்சு அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டது. கறுப்பின வீரரோடு நெருங்கிப் பழகலாகாது, உடனமர்ந்து உண்ணலாகாது, வெள்ளை அமெரிக்கர் முன்னிலையில் அவர்களை மிகுதியாகப் பாராட்டலாகாது என அஃது அறிவுறுத்தியது. அமெரிக்காவின் இனவேற்றுமையைப் பிரெஞ்சு மண்ணிலும் காக்க முயன்ற இவ்வாவணத்தைக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ் 1919 மே திங்களில் தாம் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்' இதழில் வெளியிட்டார்.

92ஆம் பிரிவும் பழியும்

அமெரிக்கத் தலைமையின் கீழேயே இருந்த 92ஆம் பிரிவின் வரலாறு வேறு. அதன் இளநிலை அதிகாரிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மேனிலை அதிகாரிகள் வெள்ளையர். மியூஸ்–ஆர்கோன் போரின் தொடக்கத்தில் இப்பிரிவின் 368ஆம் படையணி, முட்கம்பிகளை வெட்டப் போதிய கருவிகளின்றியும், பீரங்கித் துணையின்றியும் காட்டுநிலத்தில் தாக்கப் பணிக்கப்பட்டுச் சிதறியது. அதே நாள்களில் வெள்ளையரைக் கொண்ட 35ஆம் பிரிவும் சிதறிக் களத்திலிருந்து விலக்கப்பட்டது. 35ஆம் பிரிவின் தோல்விக்குப் பயிற்சியும் தலைமையும் காரணமாகக் கூறப்பட்டன. 368ஆம் படையணியின் தோல்விக்கோ இனமே காரணமாகக் கூறப்பட்டது. 1925இல் இராணுவப் போர்க்கல்லூரி கறுப்பினத்தவரைப் படையில் பயன்படுத்துவது பற்றி அளித்த அறிக்கை இத்தகைய முடிவுகளை அறிவியல் போலவே முன்வைத்தது. பிரெஞ்சுத் தலைமையின் கீழ் அதே இனத்தவர் பெற்ற வெற்றிகள் அவ்வறிக்கையின் முடிவை மாற்றவில்லை. ஒரே இனத்தவர் இருவேறு தலைமைகளின் கீழ் இருவேறு பயன் விளைத்தனர் எனின், வேறுபாடு வீரரிடத்தன்று, தலைமையிடத்தே என்பது வெளிப்படை.

போருக்குப் பின்

1919 பிப்ரவரி 17 அன்று 369ஆம் படையணி நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் அணிவகுத்துச் சென்றது. மக்கள் திரண்டு ஆரவாரித்தனர். அவ்வாண்டுக் கோடையில் வாஷிங்டன், சிகாகோ முதலிய நகரங்களில் கறுப்பினத்தவர்மீது வன்முறை வெடித்தது. கும்பலால் கொல்லப்பட்டோருள் படையிலிருந்து திரும்பியோரும் இருந்தனர். ஹென்றி ஜான்சன் தம் காயங்களின் துன்பத்துடன் வாழ்ந்து 1929இல் காலமானார். படையில் இனப்பிரிவினையை நீக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1948 ஜூலை 26இல் பிறப்பித்தார்.

அமெரிக்காவின் மிக உயரிய வீர விருது ஸ்டோவர்சுக்கு 1991இலும், ஜான்சனுக்கு 2015இலும் வழங்கப்பட்டது. 369ஆம் படையணிக்கு நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2021இல் நிறைவேறியது. பிரான்சு களத்திலேயே அளித்த மதிப்பினை அவர்தம் தாய்நாடு அளிக்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். முதல் உலகப் போரின் முடிவை விரைவுபடுத்தியதில் அமெரிக்கப் படைவீரரின் பெருந்தொகையான வருகைக்குத் தலையாய பங்குண்டு. அவ்வருகை துறைமுகங்களில் உழைத்தோரால் இயன்றது. அவ்வுழைப்பைப் போர் வரலாறு போராகக் கணக்கிடவில்லை. தனிப்படைக் கொள்கை நாட்டின் தன்மதிப்பைக் காத்தது. ஆனால் அத்தன்மதிப்பின் எல்லைக்குள் கறுப்பின வீரர் வைத்து எண்ணப்படவில்லை. ஆதலின் அவர்களை விட்டுக் கொடுப்பது கொள்கையை விட்டுக் கொடுப்பதாகத் தளபதிக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கப் படையின் பங்கினை மதிப்பிடுவோர், கான்டினியையும் பெல்லோ காட்டையும் எண்ணுமிடத்துச் சேஷோவையும் 188ஆம் குன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். மக்களாட்சிக்காக எனச் சொல்லி நடத்தப்பட்ட போரில், தம் நாட்டு மக்களாட்சியில் முழு இடம் பெறாதோர் பிறநாட்டுத் தலைக்கவசம் அணிந்து அந்நோக்கத்திற்காக உயிர் கொடுத்தனர் என்பது இப்போர் வரலாற்றின் புறநடைச் செய்தியன்று. அதன் உட்பொருள்களுள் ஒன்றாகும்.